ஓநாயும் ஆட்டுக்குட்டியும்: ஓவியப் பிரசங்கியார் எட்வர்டு ஹிக்ஸ்

ஏசாயா தீர்க்கதரிசன நூலின் பதினோராம் அதிகாரத்தை ஆண்டுதோறும் கிறிஸ்துவின் வருகைக் காலத்தில் நாம் வாசிக்கிறோம். ஈசாயின் குலத்தில் எழும்பும் துளிரைப் பற்றி அருளுரை ஆற்றுகிறோம். ஆறாம் வசனத்திற்கு வந்ததும் ஓநாயையும் ஆட்டுக்குட்டியையும் குறித்து இரண்டொரு வாக்கியம் கூறிவிட்டுப் பெத்லகேமுக்கு விரைந்துவிடுவது நம்மிற் பலருடைய வழக்கம். அந்த ஒரு பகுதியைவிட்டு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அகலாமல், அதையே திரும்பத் திரும்பத் தீட்டிக்கொண்டிருந்த பிரசங்கியார் ஒருவர் அமெரிக்க நாட்டில் வாழ்ந்தார். எட்வர்டு ஹிக்ஸ் என்பது அவர் பெயர். அவர் தீட்டிய 'சமாதான இராச்சியம்' என்னும் ஓவியத்தின் வடிவங்களில் 62 இன்று அறியப்பட்டுள்ளன. ஓவியக் கல்லூரி எதிலும் அவர் கால் வைத்ததில்லை. அவர் அங்கம் வகித்த திருச்சபையோ ஓவியத்தையே ஐயத்தோடு நோக்கியது. இவ்விரண்டையும் மனத்திற் கொண்டு அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால்தான் அந்த ஓவியங்களின் பொருள் விளங்கும்.

தாயற்ற பிள்ளை

ஹிக்ஸ் 1780-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள், பென்சில்வேனியாவின் பக்ஸ் மாவட்டத்தில், அந்நாளில் ஆட்டில்பரோ என வழங்கப்பட்டு இப்போது லாங்ஹார்ன் எனப்படும் ஊரில் பிறந்தார். ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த குடும்பம். பாட்டனார் கில்பர்ட் ஹிக்ஸ் ஆங்கில மன்னரின் ஆட்சியில் நீதிபதியாய் இருந்தவர். அமெரிக்கப் புரட்சியின்போது மன்னர் பக்கம் நின்றதனால் அக்குடும்பத்தின் செல்வமும் செல்வாக்கும் ஒருங்கே அழிந்தன. தந்தை ஐசக் கையிற் பொருளின்றி நின்றார். குழந்தைக்கு ஒன்றரை வயதாயிருக்கையில் தாய் கேத்தரின் மரித்தார்.

அதன்பின் அந்தக் குழந்தையைத் தாங்கியவர், அக்குடும்பத்தில் முன்பு அடிமையாயிருந்த ஜேன் என்னும் கறுப்பினப் பெண். அண்டை வீடுகளில் வேலை செய்து பிழைத்த அவர், போகுமிடமெல்லாம் குழந்தையையும் உடன் கொண்டு சென்றார். மெலிந்திருந்த அக்குழந்தையைக் கண்டு மனமிரங்கியவர் எலிசபெத் ட்வைனிங் அம்மையார். மரித்துப்போன தாயின் தோழியாகிய அவரும் அவருடைய கணவர் டேவிட்டும் குவேக்கர்கள். செழிப்பான பண்ணைக்கு உரியவர்கள். அவர்கள் வீட்டில் பிள்ளை வளர்ந்தது. அம்மையார் திருமறையைச் சத்தமாய் வாசிப்பார். பிள்ளை அருகில் நின்று கேட்கும். அறுபது வயதைத் தாண்டியபின் ஹிக்ஸ் அந்தப் பண்ணையை நினைவிலிருந்து நான்கு தடவை தீட்டினார். உழவுக் கலப்பையும் குதிரைகளும் கால்நடைகளும் நிறைந்த அப்படத்தின் ஓரத்தில், மடியில் திருமறையை விரித்து வைத்திருக்கும் பெண்மணியும் அவருடைய முழங்காலருகில் நிற்கும் சிறுவனும் காணப்படுகிறார்கள். அவருடைய இறையியற் கல்வி முழுவதும் அந்த இடத்தில்தான் நடந்தது என்றால் அது மிகையாகாது.

வண்டிக்குச் சாயம் பூசியவர்

பதின்மூன்றாம் வயதில் ஹிக்ஸ் ஆட்டில்பரோவிலிருந்த டாம்லின்சன் சகோதரர்களின் குதிரைவண்டிப் பட்டறையில் தொழில் பழகச் சேர்க்கப்பட்டார். ஏழாண்டுகள் அங்கிருந்தார். 'தானே கற்ற ஓவியர்' என்று அவரைச் சொல்லும்போது இதனை மறந்துவிடலாகாது. கைத்தொழிலை அவர் முறையாகப் பழகியிருந்தார். சாயத்தை அரைப்பது, எண்ணெயிற் குழைப்பது, மரப்பலகையைத் தேய்த்து வழவழப்பாக்குவது, ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி உலரவிடுவது, கோடு இழுப்பது, பொன்னெழுத்து எழுதுவது ஆகிய இவையெல்லாம் அவருக்குக் கைவந்தவை. அவர் பெறாதது ஓவியக் கலைக்கூடத்தின் பயிற்சி. மனித உடலின் அளவுகள், தூரம் தோன்றச் செய்யும் முறை, நிழலும் ஒளியும் கலக்கும் நுட்பம் ஆகியவற்றை எவரும் அவருக்குக் கற்பிக்கவில்லை. அவர் படங்களில் உருவங்களின் விளிம்பு கூர்மையாயும் நிறங்கள் தட்டையாயும் இருப்பதற்குக் காரணம் இதுவே. தெருவில் போகிறவன் கண்ணில் படும்படி விளம்பரப் பலகை எழுதப் பழகிய கை அது.

பட்டறை நாட்களில் குடியிலும் ஆடல்பாடலிலும் தம் இளமையைக் கழித்ததாக ஹிக்ஸ் பிற்காலத்தில் எழுதினார். மனச்சாட்சி அவரைத் துரத்தியது. குவேக்கர் கூடுகைகளுக்குச் செல்லலானார். 1803-ஆம் ஆண்டில் மிடில்டவுன் கூடுகையில் அங்கத்தினராகச் சேர்ந்தார். அவ்வாண்டிலேயே சாரா வோர்ஸ்டால் என்பவரை மணந்தார். ஐந்து பிள்ளைகள் பிறந்தனர். 1811-இல் நியூட்டவுன் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்து பட்டறை வைத்தார். அடுத்த ஆண்டிலேயே அவருடைய பிரசங்க வரத்தைக் கூடுகை ஏற்றுப் பதிவு செய்தது.

ஊதியமில்லாத ஊழியம்

குவேக்கர் எனப்படும் நண்பர் சங்கத்தாரின் ஒழுங்கை இங்கே சற்று விளக்கவேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் ஜார்ஜ் பாக்ஸ் இங்கிலாந்தில் தோற்றுவித்த இச்சங்கத்தில் குருப்பட்டம் இல்லை. திருமுழுக்கும் திருவிருந்தும் வெளியடையாளமாக நடைபெறுவதில்லை. அமைதியாய்க் கூடியிருந்து, ஒவ்வொருவருக்குள்ளும் இருக்கும் உள்ளொளியின் ஏவுதலுக்குக் காத்திருப்பதே அவர்களின் ஆராதனை. ஏவப்பட்டவர் எழுந்து பேசுவார். ஒருவருக்குப் பேசும் வரம் உண்டென்று கூடுகை கண்டால் அதனைப் பதிவேட்டில் குறிக்கும். அவ்வளவே. அவருக்குச் சம்பளமோ இல்லமோ கிடையாது. தூர ஊர்களுக்குச் சென்று பிரசங்கித்தாலும் குடும்பத்தை அவரே உழைத்துக் காக்கவேண்டும். காணிக்கைப் பணத்தில் மாதந்தோறும் ஊதியம் பெறும் நமக்கு இந்த நெருக்கடி எளிதில் விளங்காது.

ஹிக்ஸ் வலிமையான பிரசங்கியார். குதிரைமீதேறிப் பல நூறு மைல் சென்று பேசினார். 1819-இல் நியூயார்க் மாநிலத்தைக் கடந்து கனடா வரைக்கும் போனார். அப்படிப் போகப் போகப் பட்டறை வருமானம் குறைந்தது, கடன் மிகுந்தது.

அவருடைய தொழிலே சிக்கலுக்கு இடமாயிற்று. குவேக்கர்கள் உடையிலும் பேச்சிலும் வீட்டுப் பொருளிலும் எளிமையை ஒரு சாட்சியாகக் கைக்கொண்டவர்கள். சுவரில் படம் மாட்டுவது வீண் ஆடம்பரம் என்பது அவர்கள் எண்ணம். வீட்டுக்கும் வேலிக்கும் சாயம் பூசினால் எவரும் குறைசொல்லமாட்டார்கள். வண்டியில் பூவேலை செய்வதும், மதுக்கடைப் பலகையில் படம் எழுதுவதும், பிரசங்க மேடையில் எளிமையைப் போதிக்கும் ஒருவருக்குத் தகுமா என்னும் முணுமுணுப்பு எழுந்தது. ஹிக்ஸ் அதனை அலட்சியம் செய்யவில்லை. அலங்கார வேலையை விட்டொழித்து நிலம் வாங்கி உழவில் இறங்கினார். உழவு அவருக்குக் கைகொடுக்கவில்லை, கடன் இரட்டித்தது. வீடும் நிலமும் கைவிட்டுப்போகும் நிலை வந்தபோது நண்பர்கள் உதவினார்கள். வேறு வழியின்றி மறுபடியும் தூரிகையைக் கையிலெடுத்தார்.

பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்புகளிலும் அவர் தம் கலையைப் புகழவில்லை. ஓவியம் அற்பமான தொழில் என்றும், கிறிஸ்தவ உலகம் மெய்யாகவே கிறிஸ்துவின் ஆவியில் நடந்தால் ஓவியருக்கு அங்கே இடமிராது என்றும் கருத்துப்பட எழுதினார். 1851-இல், அவர் மரணத்துக்குப் பின், பிலதெல்பியாவில் அச்சான அந்நூலில், இன்று அவரை நாம் அறியக் காரணமாயிருக்கும் 'சமாதான இராச்சிய' ஓவியங்களைப் பற்றிய பேச்சு அநேகமாய் இல்லையென்றே சொல்லலாம். தம்மைப் பிரசங்கியாராகவே உலகம் நினைவுகூரும் என்று அவர் எதிர்பார்த்தார். அவருடைய பிரசங்கங்களை இன்று வரலாற்று ஆய்வாளரன்றி வேறெவரும் வாசிப்பதில்லை.

ஓர் அச்சுப்படத்திலிருந்து

1820-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அவர் முதலாவது 'சமாதான இராச்சியத்தை'த் தீட்டினார். கருத்து ஏசாயாவினுடையது, உருவ அமைப்பு ரிச்சர்டு வெஸ்டால் என்னும் ஆங்கில ஓவியருடையது. வெஸ்டால் வரைந்த படம் ஒன்று அக்காலத் திருமறைப் பதிப்புகளில் அச்சாகி வந்தது. சிறு பிள்ளையொன்று சிங்கத்தை அணைத்தவாறு நிற்க, சுற்றிலும் மிருகங்கள் அமர்ந்திருக்கும் படம் அது. ஹிக்ஸ் அதனைப் பார்த்தே எழுதினார். பிள்ளையின் கையில் திராட்சைக்கிளை இருக்கிறது. அது கிறிஸ்துவின் இரத்தத்தினாலாகும் மீட்பின் அடையாளம். தொடக்ககாலப் படங்கள் சிலவற்றில், ஏசாயாவின் வசனங்களைத் தாமே செய்யுளாக்கி, சட்டத்தைப்போல் நாற்புறமும் பெரிய எழுத்தில் எழுதிவைத்தார். பலகை எழுதுகிறவர் அல்லவா? படம் பேசாமற் போனாலும் எழுத்துப் பேசட்டும் என்று எண்ணினார் போலும்.

அவர் படங்களில் இரவல் வாங்கியவை இன்னும் உண்டு. 1825-இல் அவர் எழுதிய நயாகரா நீர்வீழ்ச்சி ஓவியம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த நீர்வீழ்ச்சியை நேரிற் கண்டிருந்தும், படத்தின் அமைப்பை ஹென்றி டானர் 1822-இல் வெளியிட்ட வட அமெரிக்க நிலப்படத்தின் மூலையிலிருந்த சிறு சித்திரத்திலிருந்து எடுத்தார். 1846-இல் எழுதிய நோவாவின் பேழை, நத்தானியேல் கரியர் என்பவர் விற்ற அச்சுப்படத்தைத் தழுவியது. இதனைத் திருட்டென்று அந்நாளில் யாரும் எண்ணவில்லை. பலகை எழுதும் தொழிலில் மாதிரிப்படம் பார்த்து எழுதுவதே முறை. ஆனால் மூலத்தையும் ஹிக்ஸின் படத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், மிருகங்களின் கண்களில் ஒரு வேறுபாட்டை உடனே காண்பார். பார்ப்பவரை நேரே உற்று நோக்கும் அந்தக் கண்களை அவர் எவரிடமிருந்தும் இரவல் வாங்கவில்லை.

பிளவு

1827-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பிலதெல்பியா ஆண்டுக் கூடுகை இரண்டாய்ப் பிளந்தது. ஒரு பக்கத்தார் 'வைதீகர்' எனப்பட்டனர். இங்கிலாந்திலிருந்து வந்த நற்செய்தி எழுப்புதலின் தாக்கம் அவர்களிடம் மிகுந்திருந்தது. கிறிஸ்துவின் பாவநிவாரணப் பலியையும் திருமறையின் அதிகாரத்தையும் அறுதியிட்டு அறிக்கையிடவேண்டும் என்றார்கள். அவர்களில் நகரத்துச் செல்வர் பலர். மறுபக்கத்தார், லாங் ஐலந்தைச் சேர்ந்த உழவரும் முதிய பிரசங்கியாருமாகிய எலையாஸ் ஹிக்ஸின் பெயரால் 'ஹிக்ஸையர்' என்றழைக்கப்பட்டனர். உள்ளொளியே முதன்மையானது, வெளியெழுத்தும் வெளிக்கோட்பாடும் அதற்குப் பின்னர் வருபவை என்பது எலையாஸின் போதனை. நாட்டுப்புறத்தார் பெரும்பாலும் அவர் பக்கம் நின்றனர். எலையாஸ் நம் ஓவியருக்கு உறவினர். உறவைக் காட்டிலும் அவருக்கு ஞானத்தந்தையைப் போன்றவர். எட்வர்டின் நெருங்கிய நண்பர் ஜான் காம்லி, வெளியேறியவர்களை வழிநடத்தியவர்களில் ஒருவர்.

பிளவுக்குப் பின் நடந்ததை விரித்துரைக்கவேண்டியதில்லை. நம் வாசகர்களுக்கு இக்காட்சி புதிதன்று. ஆராதனை இல்லம் யாருக்கு, கல்லறைத் தோட்டம் யாருக்கு, பள்ளிக்கூடத்து நிதி யாருக்கு என்னும் கேள்விகள் எழுந்தன. சகோதரனுக்கு எதிராக வழக்காடலாகாது என்று போதித்த சங்கத்தார், நியூ ஜெர்சியின் கிராஸ்விக்ஸ் ஊர்ப் பள்ளி நிதிக்காக நீதிமன்றம் ஏறினார்கள். உலகத்துக்குச் சமாதானம் போதித்த சபைக்குத் தன் வீட்டில் சமாதானமில்லை. இதில் எட்வர்டு ஹிக்ஸ் ஒதுங்கி நின்றவர் அல்லர். நாவைக் கட்டாமல் வைதீகரைச் சாடினார். அவருடைய குணம் கொதிப்பானது என்பதற்கு நண்பர்களே சாட்சி.

பிளவு ஓவியத்திலும் புகுந்தது. 1829-30-ஆம் ஆண்டுகளில் தீட்டிய சில படங்களில் மிருகங்களுக்குப் பின்னால் ஒரு குன்று தோன்றுகிறது. அதன்மேல் குவேக்கர்கள் அணியணியாய் நிற்கிறார்கள். முன்னணியில் எலையாஸ் ஹிக்ஸ்; ஆதிக் குவேக்கர்களும் உடனிருக்கிறார்கள். அவர்களைச் சுற்றி நாடாவைப்போல் நீண்டு சுருளும் கொடியில் பெத்லகேம் இரவில் மேய்ப்பர்கள் கேட்ட சமாதானச் செய்தி எழுதப்பட்டிருக்கிறது. யேல் பல்கலைக்கழக ஓவியக்கூடத்தில் இவ்வகைப் படம் ஒன்று உண்டு. இங்கே ஓர் ஐயம் நமக்கு எழாமலிராது. சமாதான இராச்சியத்தின் குன்றில் ஒரு கட்சியின் தலைவரை முன்னே நிறுத்தினால் மறுகட்சியார் எங்கே நிற்பது? 1830 பிப்ரவரியில் எலையாஸ் மரித்தார். சில ஆண்டுகளில் அந்தக் கொடிகளும் அணிகளும் ஹிக்ஸின் படங்களிலிருந்து மறைந்துபோயின. ஓவியர் அதற்குக் காரணம் எதுவும் எழுதி வைக்கவில்லை.

கூஸ் கிரீக் அருளுரை

1837-ஆம் ஆண்டு வர்ஜீனியாவில் கூஸ் கிரீக் கூடுகையில் ஹிக்ஸ் ஆற்றிய அருளுரை அவர் படங்களுக்கு நல்ல திறவுகோல். ஏசாயாவின் மிருகங்களை அவர் நாடுகளாகவோ அரசுகளாகவோ கொள்ளவில்லை. ஒரே மனிதனுக்குள் வாழும் குணங்களாகக் கொண்டார். பழைய கிரேக்க மருத்துவம் மனித இயல்பை நான்காகப் பகுத்தது. நம் சித்தமருத்துவர் வாதம், பித்தம், கபம் என்று மூன்றைச் சொல்வதோடு ஒப்பிடலாம். ஹிக்ஸ் அந்நான்கையும் நான்கு கொடிய மிருகங்களோடு பொருத்தினார். துயரும் மறைவும் நிறைந்த இயல்பு ஓநாய். களிப்பும் நிலையாமையும் உள்ள இயல்பு சிறுத்தை. மந்தமும் பேராசையும் கரடி. கோபமும் செருக்கும் சிங்கம். மனிதன் மறுபிறப்படையும்போது ஓநாய் ஆட்டுக்குட்டியாகிறது, சிறுத்தை வெள்ளாட்டுக்குட்டியாகிறது, கரடி பசுவாகிறது, சிங்கம் எருதாகிறது. இவை யாவற்றையும் அடக்கியாளும் பகை ஒன்றே, அது சுயசித்தம். அது சாகும்போது சிறு பிள்ளை அவற்றை நடத்துவான்.

(நம் பழைய திருப்புதலில் இவ்வசனத்துச் சிறுத்தை 'புலி' என்றே இருக்கிறது. ஹிக்ஸின் படத்தைத் தமிழ் வாசகருக்குக் காட்டி விளக்குகிறவர் இதனைச் சொல்லிவிடுவது நலம். இல்லையேல், புள்ளிகளோடு நீட்டிப் படுத்திருக்கும் அந்த அழகிய விலங்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள்.)

இந்த விளக்கத்தை ஏற்பதா? வியாக்கியான முறைப்படி பார்த்தால் ஏற்க இயலாது. ஏசாயா நான்கு குணவகைகளை அறியார். அசீரியப் பேரரசின் நிழலில் நடுங்கிய மக்களுக்கு, நீதியுள்ள அரசர் ஒருவரின் ஆளுகையை அவர் அறிவித்தார். படைப்பு முழுதும் அந்த ஆளுகையில் புதிதாகும் என்றார். அதனை ஒரு தனிமனிதனின் உள்ளத்துக்குள் அடக்கிவிடுவது உருவகப் பொருள்கோளின் பழைய பிழை. ஆயினும், தம் உள்ளத்துச் சிங்கம் இன்னும் வைக்கோல் தின்னத் தொடங்கவில்லை என்பதை அறிந்த ஒருவரே அவ்வருளுரையை ஆற்றியிருக்கமுடியும். வைதீகரைச் சாடியவர், பிற்காலத்தில் தம் சொந்தக் கட்சியாரோடும் பிணங்கினார். பிளவின் வேர் கோட்பாட்டில் மட்டும் இல்லை, மனிதரின் அடங்காத தன்முனைப்பில் இருக்கிறது என்று அவர் கண்டது அநுபவத்தினால்.

பிற்காலப் படங்களைக் காணும்போது இது இன்னும் தெளிவாகிறது. தொடக்கத்தில் மிருகங்கள் பிள்ளையைச் சுற்றி நெருங்கி, ஓர் அணியாய் அமர்ந்திருந்தன. 1830-களிலும் அதன் பின்னரும் அவை கலைந்து சிதறுகின்றன. சில படங்களில் சிறுத்தை பல்லைக் காட்டுகிறது. இடியுண்டு பிளந்த மரமொன்று முன்னே நிற்கிறது. பிளந்த சபையின் அடையாளமாக அதனைக் கொள்வோர் பலர். சிங்கத்தின் மீசை வெளுத்து, கண்கள் குழிந்து, முகம் முதிய மனிதனுடைய முகம்போலாகிறது. ஓவியர் தம் கையை இழந்ததால் இவ்வாறு நேரவில்லை. அதே ஆண்டுகளில் அவர் தீட்டிய பண்ணைப் படங்கள் தெளிவும் ஒழுங்கும் மிக்கவை. 1848-இல் எழுதிய கார்னெல் பண்ணைப் படத்தில், பரிசு பெற்ற மாடுகளும் குதிரைகளும் வரிசை வரிசையாய் நிற்கின்றன. அது இப்போது வாஷிங்டனின் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. சமாதான இராச்சியத்தின் மிருகங்களை மட்டும் அவரால் அவ்வாறு வரிசையில் நிறுத்த முடியவில்லை.

ஆற்றங்கரை உடன்படிக்கை

பெரும்பாலான படங்களின் இடப்பக்கத்தில், தூரத்தே, ஆற்றங்கரையில் சிலர் கூடி நிற்பதைக் காணலாம். பென்சில்வேனியாவை நிறுவிய குவேக்கராகிய வில்லியம் பென், அம்மண்ணின் பழங்குடியினராகிய லெனாப்பே மக்களோடு உடன்படிக்கை செய்யும் காட்சி அது. 1682-இல் டெலவேர் ஆற்றங்கரையில் ஷாக்கமாக்சன் என்னுமிடத்தில் இது நடந்தது என்பது மரபு. உடன்படிக்கைப் பத்திரம் எதுவும் எஞ்சவில்லை. இக்காட்சியும் இரவலே. பெஞ்சமின் வெஸ்ட் 1771-72-இல் தீட்டிய பெரிய ஓவியத்தின் அச்சுப்படியிலிருந்து ஹிக்ஸ் இதனை எடுத்தார்.

ஆனால் இரண்டையும் ஒரே பலகையில் சேர்த்தது அவருடைய செயல். அதிற்றான் அவருடைய இறையியல் இருக்கிறது. நாம் விரைந்து கடக்கும் அதிகாரத்திலே, ஓநாய்க்கு முன்பாக நான்காம் வசனம் நிற்கிறது. ஏழைகளுக்கு நீதியும் எளியவர்களுக்கு நேர்மையும் வழங்கப்பட்ட பின்னரே மிருகங்கள் ஒருங்கே படுக்கின்றன. ஹிக்ஸின் படத்தில் அந்த நீதியின் இடத்தை ஆற்றங்கரை உடன்படிக்கை நிரப்புகிறது. அருளுரையில் சமாதானத்தை உள்ளத்துக்குள் அடக்கியவர், ஓவியத்தில் அதனை நிலத்தின்மேல், ஆயுதமில்லாத மனிதர் இருசாராரின் நடுவே நிறுத்திவிட்டார். பிரசங்கியாரைக் காட்டிலும் ஓவியர் ஏசாயாவுக்கு அருகில் வந்திருக்கிறார் என்பது என் கருத்து.

இங்கே சொல்லாமல் விடலாகாத ஒன்றும் உண்டு. 1737-ஆம் ஆண்டில், பென்னின் புதல்வர்கள் அதே லெனாப்பே மக்களை வஞ்சித்தார்கள். ஒன்றரை நாளில் ஒருவன் நடந்து கடக்கும் தொலைவு நிலம் தங்களுக்குரியது என்று பழைய பத்திரம் ஒன்றைக் காட்டினார்கள். பின்பு வழியைச் செப்பனிட்டு, விரைந்து ஓடக்கூடிய மூவரை அமர்த்தி, எதிர்பார்த்ததைக் காட்டிலும் மிகப் பெரிய நிலப்பரப்பைக் கைக்கொண்டார்கள். அந்த 'நடை' தொடங்கிய ரைட்ஸ்டவுன், ஹிக்ஸ் வாழ்ந்த பக்ஸ் மாவட்டத்திலேயே, நியூட்டவுனுக்கு அண்மையில் உள்ளது. ஹிக்ஸ் தூரிகை பிடித்த காலத்தில் லெனாப்பே மக்கள் பெரும்பாலும் மேற்கே துரத்தப்பட்டிருந்தனர். தந்தை செய்த உடன்படிக்கையை அவர் பல தடவை எழுதினார். மைந்தர் செய்த வஞ்சகத்துக்கு அவர் பலகையில் இடமில்லை. தீர்க்கதரிசிகளோ இஸ்ரவேலின் நன்னாட்களோடு அதன் குற்றங்களையும் எழுதிவைத்தார்கள்.

மரணமும் பின்பும்

1849-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் ஹிக்ஸ் நியூட்டவுனில் காலமானார். இறுதி நாட்களிலும் தம் மகள் எலிசபெத்துக்காக ஒரு 'சமாதான இராச்சியத்தை'த் தீட்டிக்கொண்டிருந்தார். பெருங்கூட்டம் அடக்கத்துக்கு வந்தது. பிரசங்கியாருக்காக வந்த கூட்டம் அது. படங்களோ உறவினர், நண்பர் வீடுகளில் தங்கின. அவற்றிற் பெரும்பாலானவை அன்பளிப்பாகக் கொடுக்கப்பட்டவை.

அவரிடம் சிறுவயதில் தொழில் பழகிய உறவினன் தாமஸ் ஹிக்ஸ், முறையான கலைக்கல்வி பெற்று, ஐரோப்பா சென்று, 1860-இல் ஆபிரகாம் லிங்கனை நேரில் அமரவைத்துத் தீட்டும் அளவுக்கு உயர்ந்தார். இளமையில் தம் ஆசானையும் அவர் தீட்டியிருக்கிறார். தூரிகையேந்திய முதியவர், எதிரே முற்றுப்பெறாத சமாதான இராச்சியம், அருகில் திறந்த திருமறை. அக்காலத்தில் பெயர்பெற்றவர் சீடர். இன்று அருங்காட்சியகங்கள் போட்டியிட்டு வைத்திருப்பது ஆசானின் படங்களை. இருபதாம் நூற்றாண்டில், 1930-களை ஒட்டி, பயிற்சியில்லாத நாட்டுப்புறக் கலைஞர்களின் படைப்புகளை அமெரிக்கர் மதிக்கத் தொடங்கியபோது ஹிக்ஸும் மீட்டெடுக்கப்பட்டார். பிளவுபட்ட பிலதெல்பியா ஆண்டுக் கூடுகை இரண்டும் 1955-இல் மீண்டும் ஒன்றாயின. நூற்றிருபத்தெட்டு ஆண்டுகள் சென்றிருந்தன.

அதே பென்சில்வேனியாவில், வெஸ்ட் செஸ்டர் என்னும் ஊரில், 1888-இல் பிறந்த ஹாரெஸ் பிப்பின் என்பவரையும் இங்கே குறிப்பிடவேண்டும். அவரும் எவரிடமும் பயிலாதவர், கறுப்பினத்தவர். முதலாம் உலகப்போரில் பிரெஞ்சு மண்ணில் போரிட்டு, 1918-இல் வலத்தோளில் குண்டுபட்டு, கையை உயர்த்தமுடியாதவராய்த் திரும்பினார். சூட்டுக்கோலால் மரப்பலகையில் கோடிழுக்கப் பழகி, பின்பு வலக்கையை இடக்கையால் தாங்கியவாறு எண்ணெய்ச் சாயத்தில் எழுதினார். இரண்டாம் உலகப்போர் நடந்த ஆண்டுகளில் அவரும் ஏசாயாவின் பதினோராம் அதிகாரத்தையே எடுத்தார். 'பரிசுத்த பர்வதம்' என்னும் அப்படங்களில் வெண்ணுடை தரித்த மேய்ப்பர் நடுவே நிற்கிறார்; சிங்கமும் கன்றும் பிள்ளைகளும் சூழ்ந்திருக்கின்றன. ஹிக்ஸின் படங்களோடு இவற்றை இணைத்துப் பார்க்காத கலை ஆய்வாளர் இல்லை எனலாம். ஆனால் பின்னணியில் ஆற்றங்கரை உடன்படிக்கை இல்லை. இருண்ட காடு இருக்கிறது. உற்றுநோக்கினால் மரங்களுக்கிடையே போர்வீரர்களின் நிழலுருவங்களும், கல்லறைச் சிலுவைகளும், மரத்தில் தொங்கவிடப்பட்ட ஒரு மனிதனும் தெரிகின்றனர்.

ஒவ்வொரு படத்திலும் பிப்பின் ஒரு தேதியை எழுதினார். முதலாவதில் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் கரையில் இறங்கிய 1944 ஜூன் 6. இரண்டாவதில் பேர்ல் துறைமுகத் தாக்குதலின் மூன்றாம் நினைவு நாளாகிய டிசம்பர் 7. வாஷிங்டனின் ஹிர்ஷார்ன் அருங்காட்சியகத்திலுள்ள மூன்றாவது படத்தில் நாகசாகி அழிந்த 1945 ஆகஸ்டு 9. நான்காவது படத்தை முடிக்குமுன் 1946 ஜூலையில் அவர் மரித்தார்.